லீட்டாவின் அரை மாத்திரை

மட்லிக் ஓடை என்கிற ஊருக்குள் அழுக்குப் படாத கார் ஒன்று நுழைந்தால் போதும், அங்கே இருக்கிற நாற்பது வீட்டுக்கும் ஒரே நேரத்தில் ஞாபகமறதி வந்துவிடும். யார் வந்து யாரைப் பற்றிக் கேட்டாலும், "அப்படி ஒரு ஆளா? கேள்விப்பட்டதே இல்லையே" என்பதுதான் பதில். தேடப்படுகிற ஆள் பக்கத்திலேயே நின்று புகையிலை மென்றுகொண்டிருந்தாலும் அதே பதில்தான். சாராயம் காய்ச்சிய காலத்தில் வரிக்காரர்கள் வந்தார்கள். அப்புறம் சுரங்கக் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். ஊனத்தொகை வாங்குகிறவன் நிஜமாகவே நொண்டுகிறானா என்று பார்க்க ஒருவன் கேமராவோடு மூன்று நாள் மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். இத்தனை பேரையும் திருப்பி அனுப்பிய பதில் அது. அங்கே பிள்ளைகள் பேச்சு வந்த கையோடு அதையும் பழகிக்கொள்ளும்.

மேற்கு வர்ஜீனியா மலைக்குள் இப்படிப்பட்ட ஊரில் பிறந்த லீட்டா மேனர்டுக்கு ஓர் ஆசை வந்தது. மத்திய அரசு வழக்கறிஞராக வேண்டுமாம். அதாவது, அந்த அழுக்குப் படாத காரை அனுப்பிவைக்கிற அலுவலகத்திலேயே போய் உட்கார வேண்டுமாம். வேறு எவளாவது சொல்லியிருந்தால் ஊர் வயிறு வலிக்கச் சிரித்திருக்கும்.

ஆசை வந்தது அவளுடைய பதினைந்தாவது வயதில். அண்ணன் வெர்லினுக்கு அப்போது இருபத்து நான்கு. இரண்டு வருஷத்துக்கு முன்பு சுரங்கத்தில் கூரைப் பாறை சரிந்து அவன் தோள் நொறுங்கிப்போயிருந்தது. டவுனில் இருந்த டாக்டர் தோளைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் வலி மாத்திரை எழுதினார். மறுபடி எழுதினார். கேட்கிற பேர்வழிக்கெல்லாம் கேட்டபடி எழுதினார். வாசலில் நான்கு மாநிலத்துக் கார்கள் வரிசை கட்டி நின்றன. வெர்லின் இளைத்துத் துரும்பானான், அப்பா விட்டுப்போன துப்பாக்கியையும் அம்மாவின் தையல் மெஷினையும் விற்றான். மாவட்டத்து அரசு வக்கீலிடம் முறையிட்டால் அவர் அந்த டாக்டரோடு வான்கோழி வேட்டைக்குப் போகிறவர்.

கடைசியில் சார்ல்ஸ்டன் நகரத்திலிருந்து மத்திய அரசுதான் வழக்குப் போட்டது. வெர்லின் சாட்சிக் கூண்டில் ஏறினான். டாக்டரின் வக்கீல் மூன்று மணி நேரம் அவனைத் தோல் உரித்தார். பார்வையாளர் பெஞ்சில் அம்மா அர்வெல்லாவும் லீட்டாவும் ஒருவர் கையை ஒருவர் நசுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு பெண் வக்கீல் எழுந்தாள். காலுறையில் ஒரு கிழிசல்கூட இருந்தது. "ஐக்கிய அமெரிக்காவின் சார்பில்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பேச ஆரம்பித்தாள்.

அர்வெல்லா மகளின் காதோரம் குனிந்தாள். "ஐக்கிய அமெரிக்கா மொத்தமுமா? நம்ம வெர்லினுக்காகவா?"

"ஆமாம்மா."

அர்வெல்லா அன்றைக்குத்தான் முதல்முறையாக வெளியாள் முன்னால் அழுதாள். டாக்டருக்குப் பன்னிரண்டு வருஷம் கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும் லீட்டா, ஈமச்சடங்குக் கடைக்காரர் ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுக்கிற காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் ஐந்து வரி எழுதினாள். காலேஜ், சட்டக் கல்லூரி, ஒரு நீதிபதியிடம் வேலை, ஜூரிக்கு முன்னால் நின்று வாதாடுவது, கடைசியில் சார்ல்ஸ்டன். அம்மா அதை வாங்கிச் சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கம், மாவு டப்பாவுக்கு நேராக ஒட்டிவைத்தாள். ஒவ்வொரு படியும் முடிந்தபோது அந்த வரியைப் பென்சிலால் அடித்தது அவள்தான், லீட்டாவைப் பென்சில் தொட விடவில்லை.

முதல் மூன்று வரியை அடிக்கப் பன்னிரண்டு வருஷம் ஆனது. இடையில் மாவட்ட நீதிமன்றத்தின் கவுன்ட்டரில் உட்கார்ந்து அபராதச் சீட்டுக்கு முத்திரை குத்தினாள், கடன் வாங்கிப் படித்தாள், வக்கீல் தேர்வு எழுதினாள், ப்ளூஃபீல்டில் ஒரு நீதிபதியிடம் தீர்ப்புகளுக்குக் குறிப்பெடுத்துக் கொடுத்தாள். நான்காவது வரியில்தான் பாதை இரண்டாகப் பிரிந்தது. சார்ல்ஸ்டனில் பெரிய வக்கீல் கம்பெனி ஒன்று அவளைக் கூப்பிட்டது. இன்சூரன்ஸ் வழக்குகள், பத்தாவது மாடி, ஜன்னலுக்கு வெளியே ஆறு. மறுபக்கம் மாவட்ட அரசு வக்கீல் அலுவலகம் (அந்த வேட்டைக்காரர் போய்ப் புது ஆள் வந்திருந்தார்). அங்கே கொதிகலனுக்கு மேலே ஓர் அறை, சம்பளம் மூன்றில் ஒரு பங்கு.

"பத்தாவது மாடிக்கே போ. அங்கிருந்து பாத்தா நாங்க எல்லாம் எறும்பு மாதிரி தெரிவோம். அதுவும் நல்லதுதான்" என்றான், மாத்திரையை விட்டு உடம்பு தேறியிருந்த வெர்லின்.

"உன் தொப்பை எத்தனாவது மாடியிலருந்தும் தெரியும்ணே" என்றாள் லீட்டா.

ஆனால் அவள் விசாரித்துப் பார்த்தாள். கம்பெனியில் சேர்ந்தால் ஜூரிக்கு முன்னால் வாய் திறக்க ஆறு வருஷமாகும். கொதிகலன் அறையில் ஒன்பதாவது நாளே எழுந்து நின்றாள். குடித்துவிட்டு வண்டி ஓட்டினவன் வழக்கு. ஜூரியில் மூன்று பேர் அவனுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். தோற்றாள். அடுத்ததில் ஜெயித்தாள். மனைவியை அடித்தவன், பக்கத்து வீட்டு வண்டியைத் திருடினவன், பாலத்தின் செம்புக் கம்பியை அறுத்தவன் என்று ஐந்து வருஷம் ஓடியது. சார்ல்ஸ்டனுக்கு இரண்டு தடவை விண்ணப்பித்தாள், இரண்டு தடவையும் நான்கு வரிக் கடிதத்தில் வருத்தம் தெரிவித்தார்கள். ஊர் துக்கம் விசாரிக்க வருவதுபோல உருளைக்கிழங்கு பதார்த்தம் செய்து எடுத்துக்கொண்டு வந்தது. அதைத் தின்றுதான் அவளுக்கு அவமானமே தலைக்கேறியது. மூன்றாம் தடவை அம்மாவிடம்கூட மூச்சு விடவில்லை. அவள் செய்த தப்பு அதுதான்.

மூன்றாம் தடவை வேலை கிடைத்துவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை, பின்னணி விசாரணையில் தேற வேண்டும்.

அதற்கான படிவம் நூற்று முப்பது பக்கத்துக்கு மேல் இருந்தது. எங்கெல்லாம் குடியிருந்தாய், அங்கே உன்னை யாருக்குத் தெரியும் என்று கேட்டது. தொண்ணூற்று எட்டாம் பக்கத்தில் இன்னொன்றும் கேட்டது. கடந்த ஏழு வருஷத்தில், உனக்கென்று எழுதிக் கொடுக்காத மருந்து எதையாவது உட்கொண்டாயா?

லீட்டா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், வக்கீல் தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கடைவாயில் ஞானப்பல் முட்டிக்கொண்டு வந்து கன்னம் பன் மாதிரி வீங்கிவிட்டது. பல் டாக்டர் அந்த வாரம் ஊரில் இல்லை. வெர்லின் திருந்திய நாளிலிருந்து அர்வெல்லா தன் முதுகுவலி மாத்திரைக் குப்பியை அவன் கண்ணில் படாமல் மாவு டப்பாவுக்குள் புதைத்துவைத்திருந்தாள். அன்றைக்கு அதைத் தோண்டி எடுத்தாள். ஒரே ஒரு மாத்திரையைக் காய் நறுக்கும் கத்தியால் இரண்டாக வெட்டி, பாதியை நசுக்கி, ஆப்பிள் ஜாமில் குழைத்து மகள் வாயில் ஊட்டினாள். லீட்டா ஏழு மணி நேரம் தூங்கினாள். தேர்விலும் தேறினாள்.

தமிழ் இலக்கணத்தில் மெய்யெழுத்துக்கு அளவு அரை மாத்திரை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். லீட்டாவுக்கு இலக்கணம் தெரியாது, ஆனால் அவளுடைய மெய்க்கும் அதே அளவில்தான் சோதனை வந்தது.

எழுதாமல் விட்டால் ஒரு குருவிக்கும் தெரியாது. விஷயம் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர், அதில் இன்னொருத்தி நகத்தைப் பிடுங்கினாலும் வாய் திறக்காத அர்வெல்லா. எழுதினால் வேலை போகலாம். கொடுத்தது யார் என்றும் கேட்டிருந்தது, அம்மாவின் பெயரை எழுத வேண்டும். இன்னொருவருக்கு மாத்திரை கொடுப்பது மட்லிக்கில் சர்க்கரை இரவல் கொடுக்கிற மாதிரி, சட்டப்படியோ குற்றம். சனிக்கிழமை மதியம் முழுக்க லீட்டா அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து வருஷமாகக் கூண்டில் ஏறினவர்களிடம் "உண்மையைச் சொல்லுங்க, அது போதும்" என்று சொல்லியே பிழைத்தவள் அவள். அதே வாயை வைத்துக்கொண்டு இங்கே பொய் எழுதக் கை வரவில்லை. எழுதினாள். அரை மாத்திரை, ஒரு தடவை, அம்மா கொடுத்தார். எழுதி முடித்ததும் அம்மாவைக் காட்டிக்கொடுத்துவிட்டோமே என்று குமுறி அழுதாள்.

அக்டோபரில் மட்லிக்குக்குள் வெள்ளைக் கார் நுழைந்தது. ஹாலஸ் என்று பெயர், பிட்ஸ்பர்க் பக்கத்து மனிதர், பொறுமைசாலி, பின்னணி விசாரிப்பதே தொழில். முதல் வீடு ஓபி மாமாவுடையது. சொந்த மாமா இல்லை, அங்கே நரைத்தவர் எல்லாரும் மாமாதான். அவர் தலைக்கு மேலே, லீட்டா பட்டம் வாங்கியபோது பத்திரிகையில் வந்த படம் கண்ணாடி போட்டுத் தொங்கியது. அதற்கு நேர்கீழே உட்கார்ந்துகொண்டு, "லீட்டாவா? அது ஆம்பளப் பேரா, பொம்பளப் பேரா?" என்று கேட்டார்.

அதன்பிறகு கேட்க வேண்டுமா? பத்து வீட்டில் பத்து மறதி. புல்வெட்டும் மெஷின் பழுதுபார்த்துக்கொண்டிருந்த வெர்லின், "மேனர்டுங்களா, அவங்க வலது பாதையில மேல போயிருப்பாங்க" என்று கைகாட்டினான். அது கைவிட்ட சுரங்கத்துக்குப் போகிற பாதை, காரின் அடிவயிறு கிழிந்துபோனது. அர்வெல்லாவின் தபால்பெட்டியில் மேனர்ட் என்று எழுதியிருந்ததால் அவளால் அத்தனை சுலபமாகத் தப்பிக்க முடியவில்லை.

"லீட்டான்னு எனக்கு ஒரு அத்தை இருந்தா. செத்துட்டா." இது நிஜம். மகளுக்கு அந்த அத்தை பெயரைத்தான் வைத்திருந்தாள்.

ஹாலஸ் புகைப்படத்தைக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டாள். மருந்து ஏதாவது, மற்றவர்களுடைய மாத்திரை ஏதாவது எடுத்ததுண்டா என்று அவர் கேட்டார். அர்வெல்லா அவர் கண்ணையே பார்த்துச் சொன்னாள்: "எம் பொண்ணு ஆஸ்பிரின்கூடத் தொட்டதில்ல."

திங்கட்கிழமை மதியம் லீட்டாவுக்கு சார்ல்ஸ்டன் அலுவலகத்திலிருந்து போன் வந்தது.

"மிஸ் மேனர்ட், நீங்க பதினெட்டு வருஷம் மட்லிக்ல இருந்ததா எழுதியிருக்கீங்க. உங்கம்மாவத் தவிர அங்க பதினோரு பேர்கிட்ட கேட்டாச்சு, உங்கள யாருக்கும் தெரியலங்கறாங்க."

லீட்டாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது.

"அதோட, மருந்து விஷயத்துல நீங்க எழுதினதும் உங்கம்மா சொன்னதும் ஒத்துவரல. ரெண்டுல ஒண்ணு பொய். வெள்ளிக்கிழமைக்குள்ள அவங்க இன்னொரு வாக்குமூலம் குடுக்கலாம், இல்லாட்டி இப்படியே மேல போயிரும், அப்புறம் இந்த வேல இல்லன்னு வச்சுக்குங்க. என்ன சொல்லணும்னு நீங்க அவங்களுக்குச் சொல்லிக்குடுக்கக் கூடாது. நான் சொல்லித் தெரியணுமா?"

"தெரியும்" என்றாள் லீட்டா.

சாயங்காலம் கோர்ட்டு முடிந்து அவள் அம்மா வீட்டுக்குப் போனபோது அடுப்பில் அவரைக்கொட்டை வெந்துகொண்டிருந்தது, சோளரொட்டி வாசம் வாசல்வரை வந்தது. ஓபி மாமாவும் வெர்லினும் சாப்பாட்டு மேஜையில் வெற்றிவீரர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"உன்னத் தேடிட்டு ஒருத்தன் வந்தான்டி அம்மாடி. என்ன வம்புல மாட்டியிருக்கியோ, பயப்படாத. ஒரு வார்த்த வாங்க முடியல அவனால" என்றார் ஓபி மாமா.

"கார் எண்ணெய் பூரா ரோட்டுல" என்றான் வெர்லின்.

"அண்ணே, அவரு எனக்கு வேலை குடுக்க வந்தவரு."

ஓபி மாமா மெல்வதை நிறுத்தினார்.

"சார்ல்ஸ்டன்ல வேலை கிடைச்சிருக்கு. நான் நல்லவளா, இந்த ஊருக்காரியான்னு கேக்க வந்தாரு. பதினோரு பேரு என்னத் தெரியாதுன்னுட்டீங்க."

"எனக்குத்தான் உன்ன ரொம்ப நல்லாத் தெரியுமே" என்றார் ஓபி மாமா, பரிதாபமாக. "அதனாலதான தெரியாதுன்னேன்."

லீட்டாவால் கோபப்பட முடியவில்லை. இத்தனை பேர் தன்னைக் காப்பாற்றத் துணிந்து பொய் சொல்லியிருக்கிறார்களே என்று நெஞ்சு நிறைந்துபோனது. அந்த நிறைவே தன்னை மூழ்கடிக்கப் போகிறது என்றும் தெரிந்தது. கிழவர் கையைப் பிடித்து, "நாளைக்கே போன் பண்ணித் தெரியும்னு சொல்லுங்க மாமா" என்றாள். அப்புறம் அம்மா பக்கம் திரும்பினாள். அர்வெல்லா அடுப்புப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அம்மா, அவரு உன்கிட்ட இன்னொரு தடவ கேப்பாரு. படிவத்துல எழுத வேண்டியத நான் எழுதிட்டேன். நீ என்ன சொல்லணும்னு நான் சொல்லக் கூடாது."

"என்ன எழுதினே?"

"அதையும் சொல்லக் கூடாது."

அர்வெல்லா கரண்டியைக் கீழே வைத்தாள். புரிந்துவிட்டது அவளுக்கு. "பல்லு வலிக்குதேன்னு பெத்தவ குடுத்தது. அதப் போயி எழுதுவாங்களாடி? நான் ஆமான்னு சொன்னா, எங்கையாலேயே உன் வேலையக் கெடுத்த மாதிரி ஆயிடுமே."

லீட்டா வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். சட்டம் படித்ததற்காக அவள் வருத்தப்பட்ட ஒரே நேரம் அதுதான். அவளுக்குப் பதிலாக வெர்லின் பேசினான், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே.

"அன்னிக்கு நான் கூண்டுல ஏறினப்ப எங்கிட்ட கேக்காத அசிங்கமாம்மா? உன் மெஷின வித்ததக்கூட கேட்டாங்க. நீ பெஞ்சுல உக்காந்து கேட்டுட்டிருந்த. எனக்கு அங்கேயே செத்துரலாம்போல இருந்துச்சு. ஆனாலும் சொன்னேன்."

அர்வெல்லா கரண்டியை மறுபடி எடுத்தாள். எல்லாருக்கும் அவரைக்கொட்டை பரிமாறினாள். லீட்டா சாப்பிடாமல் எழுந்து போய் அம்மாவைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கிளம்பிவிட்டாள்.

புதன்கிழமை காலை அர்வெல்லா சர்ச்சுக்குப் போகிற நீலக் கவுனை மாட்டிக்கொண்டு, வெர்லினின் வண்டியில் ஏறி உட்கார்ந்து, "சார்ல்ஸ்டனுக்கு விடு" என்றாள். அலுவலகத்தில் ஹாலஸ் அவளை ஒரு சின்ன அறையில் உட்காரவைத்தார். வெர்லின் மூலையில் நின்றுகொண்டிருந்ததால்தான் நடந்தது வெளியே தெரிய வந்தது.

"போன தடவ நான் உங்ககிட்ட பொய் சொன்னேன்" என்றாள் அர்வெல்லா. "கார்ல வர்ற ஆளுக்கு உண்மை சொல்லிப் பழக்கமில்ல. எம் பொண்ணுக்கு நான்தான் மாத்திரை குடுத்தேன். அவளாக் கேக்கல. தப்புன்னா என்னப் பிடிச்சுக்குங்க. எழுதிக்குங்க."

"எத்தன மாத்திரை?"

"அரை."

"அரைன்னு எப்படிம்மா உறுதியாச் சொல்றீங்க? ஆறு வருஷம் ஆச்சு."

அர்வெல்லா கைப்பையைத் திறந்தாள். மாவு அப்பிய பழைய குப்பி ஒன்றை எடுத்து மேஜையில் கவிழ்த்தாள். கத்தியால் வெட்டிய தடத்தோடு ஒரு துண்டு உருண்டு வந்து அவருடைய பேனாவில் முட்டி நின்றது.

"மத்த பாதி" என்றாள்.

ஹாலஸ் பேனாவை நகர்த்திவைத்தார். "இத எதுக்கும்மா இத்தன வருஷம் வச்சிருந்தீங்க?"

"ஞானப்பல்லு இன்னொரு பக்கமும் இருக்கே" என்றாள் அர்வெல்லா. "அதும் வலிச்சா பிள்ள என்ன பண்ணுவா?"

அவர் எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இதற்காக யாரும் உங்களைப் பிடிக்க வர மாட்டார்கள், இதை மட்டும் முறைப்படி அழித்துவிடுங்கள் என்று சொல்லி வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

டிசம்பரில், சார்ல்ஸ்டன் நீதிமன்றத்தில் பதவிப்பிரமாணம். லீட்டா சாம்பல் நிறக் கோட்டுப் போட்டிருந்தாள், காலுறை முழுசாக இருந்தது. பத்து மணிக்கு நீதிபதி வருவார். ஒன்பதே முக்கால் ஆகியும் வீட்டு ஆட்களைக் காணவில்லை என்று அவள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

அவர்கள் வந்துதான் இருந்தார்கள். சர்ச் வேனில் பதினான்கு பேர் வந்து, வாசல் சோதனைச் சாவடியில் வரிசையாக நின்றிருந்தார்கள். சீருடைக்காரர் ஒருவர் இடுப்பில் துப்பாக்கியோடு, "யாரப் பாக்க வந்திருக்கீங்க? இங்க யாரத் தெரியும் உங்களுக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஓபி மாமா கூரையைப் பார்த்தார். வெர்லின் தன் பூட்ஸைப் பார்த்தான். பதினான்கு பேருக்கும் நாக்கு பழைய பழக்கத்தில் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. லீட்டா படிக்கட்டில் பாதி வழியிலேயே நின்றாள்.

நீலக் கவுனில் அர்வெல்லா முன்னால் வந்தாள். கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தக் கட்டடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"லீட்டா மேனர்ட். எனக்குத் தெரியும். நான் பெத்த பொண்ணு."